செங்கற்பட்டு சொன்ன சாட்சி

"ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்" என்று ஒரு பழமொழி நம் ஊர்களில் வழங்குகிறது. "பேரை அல்ல ஐயா, வேரை! 'ஆயிரம் வேரைக் கண்டவன்' என்பதே சரியான பாடம்" என்று புலவர்கள் திருத்துவார்கள். வைத்தியர்களின் மானத்தைக் காப்பாற்ற அந்தத் திருத்தம் அவசியந்தான். ஆனாலும் பாமர ஜனங்கள் பழைய பாடத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு ஏதோ காரணம் இருக்கத்தானே வேண்டும்? வைத்தியனுடைய அறிவு பிறத்தியார் உடம்பில்தான் விளைகிறது. அதற்கு யாரோ விலை கொடுக்கிறார்கள். இதைத்தான் அந்தப் பாமரப் பாடம் சொல்லாமல் சொல்லுகிறது.

இருக்கட்டும். ஆயிரம் வேரைக் கண்டவனாகவே இருக்கட்டும். இன்ன வேர் இன்ன நோயைத் தீர்த்தது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? "கொடுத்தேன், குணமாயிற்று" என்பான். காக்கை உட்கார்ந்தது, பனம்பழம் விழுந்தது. காக்கையைக் கேட்டால் தன் பலத்தினால்தான் விழுந்தது என்று சத்தியம் செய்யும். ஜலதோஷத்துக்கு மருந்து சாப்பிட்டால் ஏழு நாளில் குணமாகும், சாப்பிடாவிட்டால் ஒரு வாரம் ஆகும் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அந்த ஒரு வாரத்துக்குள் கஷாயம் கொடுத்தவர், மந்திரித்தவர், மாத்திரை கொடுத்தவர் எல்லாரும் பெயர் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

பழம் காக்கையினால் விழுந்ததா, தானாக விழுந்ததா என்று தெரிய வேண்டுமானால் ஒரே ஒரு வழிதான் உண்டு. காக்கை உட்காராத மரங்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கேட்பதற்கு மிகவும் சுலபமான யோசனை. ஆனால் மனித குலம் இதை வைத்திய சாஸ்திரத்தில் கடைப்பிடிப்பதற்கு எத்தனையோ நூற்றாண்டுகள் ஆயின. 1747-ஆம் வருஷம் 'சாலிஸ்பரி' என்ற ஆங்கிலேயக் கப்பலில் ஜேம்ஸ் லிண்ட் என்ற டாக்டர், ஈறு வீங்கி ரத்தம் கசியும் 'ஸ்கர்வி' நோய் கண்ட பன்னிரண்டு மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடிக்கும் ஒவ்வொரு மருந்து கொடுத்துப் பார்த்தார். ஒரு ஜோடிக்கு வினிகர். ஒரு ஜோடிக்குக் கடல் தண்ணீர். ஒரு ஜோடிக்கு ஆரஞ்சும் எலுமிச்சையும். பழம் சாப்பிட்ட இருவரும் ஆறே நாளில் தேறிவிட்டார்கள். இவ்வளவு தெளிவான செய்தி கிடைத்தும், பிரிட்டிஷ் கடற்படை எல்லாக் கப்பல்களுக்கும் எலுமிச்சை ரசம் வழங்க ஏற்பாடு செய்தது 1795-ல்தான். உண்மையைக் கண்டுபிடிப்பது ஒரு வேலை. கண்டுபிடித்ததை ஒப்புக்கொள்ளச் செய்வது இன்னொரு வேலை.

இந்த இரண்டு வேலைகளிலும் நம்முடைய செங்கற்பட்டு ஜில்லாவுக்கு உலக சரித்திரத்தில் ஒரு பங்கு உண்டு. அதைப் பற்றித்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

*

இன்று பூந்தமல்லியைத் தாண்டிப் பெங்களூர் சாலையில் போகிறவர்கள் என்ன பார்க்கிறார்கள்? இருங்காட்டுக்கோட்டையில் மோட்டார் தொழிற்சாலை. ஸ்ரீபெரும்புதூரில் கண்ணாடியும் கைபேசியும் செய்யும் ஆலைகள். தெற்கே திரும்பினால் ஓரகடம்; அங்கே மறுபடியும் கார்கள், லாரிகள், டயர்கள். விடியற்காலையிலும் நள்ளிரவிலும் ஷிப்டு மாறும் பஸ்கள் வரிசை வரிசையாகப் போகின்றன. தமிழும் இந்தியும் ஒரியாவும் வங்காளியும் ஒரே டீக்கடையில் கேட்கின்றன. இதெல்லாம் முப்பது வருஷத்துக்குள் முளைத்த உலகம். அதற்கு முன்பு இந்தப் பிரதேசம் முழுவதும் ஏரியும் வயலும் புஞ்சையுமாக இருந்தது. ஸ்ரீபெரும்புதூரும், அதற்கு வடக்கே திருவள்ளூரும், தெற்கே உத்திரமேரூரும் எல்லாம் ஒரே செங்கற்பட்டு ஜில்லாவில் அடங்கியிருந்தன. 1997-ல்தான் அது காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று இரண்டாகப் பிரிந்தது.

அந்தப் பழைய ஜில்லாவின் கிராமங்களில் 1968-ஆம் வருஷம் ஒரு விசித்திரமான படையெடுப்பு ஆரம்பமாயிற்று. வீடு வீடாகப் பெயர் எழுதிக்கொண்டு குமாஸ்தாக்கள் வந்தார்கள். பின்னாலேயே ஊசியும் எக்ஸ்ரே யந்திரமுமாக டாக்டர்களும் நர்ஸுகளும் வந்தார்கள். எதற்காக வந்தார்கள் என்று தெரிந்துகொள்வதற்குக் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

க்ஷயரோகம் என்ற பெயரைச் சொல்லவே ஜனங்கள் பயந்த காலம் ஒன்று இருந்தது. பெண் கொடுக்க மாட்டார்கள். பெண் எடுக்க மாட்டார்கள். பணம் உள்ளவர்கள் மதனப்பள்ளிக்குப் போனார்கள், அல்லது தாம்பரத்துக்கு. தாம்பரத்துக்குப் பக்கத்தில் ரயில்வே ஸ்டேஷனுக்கே 'சானடோரியம்' என்று பெயர் வந்துவிட்டது என்றால் அந்த நோய் நம் வாழ்க்கையில் எவ்வளவு இடம் பிடித்திருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பணம் இல்லாதவர்கள் திண்ணையில் படுத்து இருமிக்கொண்டே இருந்தார்கள்.

இந்த நோய்க்கு முன்கூட்டியே தடை போட ஒரு வழி பிரான்ஸிலிருந்து வந்தது. கால்மெட், கெரான் என்ற இரண்டு விஞ்ஞானிகள் லீல் நகரத்தில் மாட்டுக்கு வரும் க்ஷயக் கிருமியை எடுத்து, 1908 முதல் பதின்மூன்று வருஷம் திரும்பத் திரும்ப வளர்த்து, அதன் விஷப்பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். 1921-ல் ஒரு பாரிஸ் குழந்தைக்கு அதை முதன்முதலாகக் கொடுத்தார்கள். அதுதான் பி.சி.ஜி. ஆனால் அதன் ஜாதகத்தில் ஒரு கண்டமும் இருந்தது. 1930-ல் ஜெர்மனியில் லூபெக் நகரத்தில் இந்த மருந்தைக் கொடுத்த குழந்தைகளில் எழுபதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். மருந்து செய்த இடத்தில் அசல் க்ஷயக் கிருமி கலந்துவிட்டதுதான் காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. பி.சி.ஜி. குற்றவாளி அல்ல என்று விடுதலையாயிற்று. ஆனால் ஒரு தடவை கோர்ட்டு வாசலில் நின்றவனை ஊர் அவ்வளவு சீக்கிரம் மறக்குமா?

1948-ல் பி.சி.ஜி. நம் நாட்டுக்கு வந்தது. அன்று சென்னை மாகாணத்தில் இருந்த மதனப்பள்ளியில் ஆரம்பித்துப் பிறகு நாடெங்கும் பரவியது. கிண்டியிலேயே மருந்து தயாரித்தார்கள். சுகாதார மந்திரி ராஜகுமாரி அம்ருத் கௌர் அதற்குப் பெரிய ஆதரவாளர். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகக் குழந்தைகளை வரிசையில் நிறுத்தி ஊசி போட்டார்கள்.

அந்தச் சமயத்தில் எதிர்த்துக் குரல் எழுப்பினவர் சாமானியர் அல்ல. கவர்னர் ஜெனரலாக இருந்தவர். சென்னை ராஜ்யத்தின் முதல் மந்திரியாக இருந்தவர். பாரத ரத்னா பட்டம் பெற்றவர். ராஜாஜி 1955-ல் பி.சி.ஜி.யை ஏன் எதிர்க்கிறேன் என்று ஒரு சிறு புத்தகமே வெளியிட்டார். இதனால் பலன் உண்டு என்பது நிரூபணம் ஆகவில்லை. உயிருள்ள கிருமியை லட்சக்கணக்கான குழந்தைகளின் உடம்பில் செலுத்துவது சரியல்ல என்பது அவர் வாதம். சர்க்கார் டாக்டர்கள் பதில் சொன்னார்கள். ஐரோப்பாவில் பலித்திருக்கிறது, பிள்ளைகள் செத்துக்கொண்டிருக்கும்போது கையைக் கட்டிக்கொண்டிருக்க முடியாது என்றார்கள்.

இந்த வழக்கில் யார் பக்கம் நியாயம்? நம்மில் பெரும்பாலோர் என்ன செய்வோம் என்றால், ராஜாஜியைப் பிடித்தவர்கள் ராஜாஜி பக்கம் சேர்வோம். பிடிக்காதவர்கள் ஊசி பக்கம் சேர்வோம். வாதத்தைப் பார்ப்பதைவிட வாதியைப் பார்ப்பது நமக்குச் சுலபம். ஆனால் க்ஷயக் கிருமிக்கு அரசியல் தெரியாது. மேடையில் யார் ஜெயித்தாலும் அது தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும்.

*

இதே காலத்தில் சென்னையிலேயே வேறொரு கேள்விக்குப் பதில் தேடும் வேலை நடந்துகொண்டிருந்தது. 1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும், சென்னை சர்க்காரும், உலக சுகாதார ஸ்தாபனமும், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சேர்ந்து ஒரு க்ஷயரோகச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையத்தை அமைத்தன. வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கில டாக்டர் அதற்குத் தலைமை வகித்தார். இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் வழித்தோன்றல்தான்.

அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி இது. க்ஷயரோகிக்கு நல்ல காற்றும், பாலும் முட்டையும், பூரண ஓய்வும் வேண்டும் என்று நூறு வருஷமாக உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. ஆனால் இந்தியாவில் லட்சக்கணக்கான நோயாளிகளுக்குச் சானடோரியத்தில் கட்டில் ஏது? வீட்டிலேயே வைத்துக்கொண்டு மாத்திரை மட்டும் கொடுத்தால் என்ன ஆகும்?

சென்னையின் ஏழை வீடுகளிலிருந்து வந்த 193 நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். இரு பிரிவினருக்கும் ஒரே மருந்துகள், ஒரு வருஷம். ஒரு பிரிவு சானடோரியத்தில் நல்ல சாப்பாட்டோடும் ஓய்வோடும் இருந்தது. மற்றப் பிரிவினர் தங்கள் வீட்டு நெருக்கடியிலேயே, கிடைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டு இருந்தார்கள்.

யாரை எங்கே அனுப்புவது என்று எப்படி முடிவு செய்தார்கள்? இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. டாக்டர் இஷ்டத்துக்கு விட்டால், இரக்கமுள்ள டாக்டர் நோய் முற்றினவனைச் சானடோரியத்துக்கு அனுப்புவார். பெயர் வாங்க விரும்பும் டாக்டர் தேறக் கூடியவனை அனுப்புவார். இரண்டினாலும் கணக்குக் கெட்டுவிடும். ஆகையால் குலுக்கல் முறை. இதற்கு முன்னோடியாக 1947-ல் பிரிட்டனில் ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தைச் சோதித்தபோது, பிராட்ஃபோர்டு ஹில் என்ற புள்ளிவிவர நிபுணர் ஒட்டிய உறைகளுக்குள் சீட்டு வைத்து நோயாளிகளைப் பிரித்தார். ஆறு மாதத்தில் மருந்து பெற்ற 55 பேரில் 4 பேர் இறந்தார்கள். பெறாத 52 பேரில் 14 பேர் இறந்தார்கள். அந்த ஆராய்ச்சியை நவீன வைத்தியப் பரிசோதனைகளுக்கு மூலவர் என்று சொல்லுவார்கள்.

நமக்கு இது அவ்வளவு புதிய விஷயமா? செங்கற்பட்டு ஜில்லா உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறதே, அதில் குடவோலை முறை விவரமாகச் சொல்லப்பட்டிருக்கிறது. ஓலைச் சீட்டுகளைக் குடத்தில் போட்டு, உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறு பையனைக் கொண்டு எடுக்கச் சொல்வார்கள். ஏன் பையன்? பெரியவர்களுக்கு வேண்டியவர், வேண்டாதவர் உண்டு, பையனுக்கு இல்லை. ஆயிரம் வருஷத்துக்கு முந்திய அந்தப் பையனுடைய கையைத்தான் இருபதாம் நூற்றாண்டு விஞ்ஞானிகளும் தேடிப் பிடித்தார்கள்.

சென்னை ஆராய்ச்சியின் முடிவு 1959-ல் வெளிவந்தது. ஒரு வருஷ முடிவில் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேர். வீட்டில் நூற்றுக்கு 86 பேர். வீட்டில் இருந்த நோயாளிகளிடமிருந்து குடும்பத்தாருக்கு அதிகமாகத் தொற்றியதா என்று ஐந்து வருஷம் பார்த்தார்கள், அதுவும் இல்லை. பாலும் முட்டையும் மலைக்காற்றும் நல்லவைதான். ஆனால் நோயைத் தீர்த்தது மருந்து. ஓட்டு வீட்டில் படுத்துக்கொண்டு மாத்திரை விழுங்கிய சென்னை ஏழைகளின் சாட்சியத்தினால் உலகமெங்கும் சானடோரியங்கள் அவசியமற்றவை ஆயின. கட்டில் கிடைக்காதவன் கதி இல்லாதவன் என்ற நிலை மாறியது.

*

இப்போது செங்கற்பட்டுக்கு வருவோம். சிகிச்சை விஷயத்தில் சென்னை உண்மையைக் கண்டு சொல்லிவிட்டது. பி.சி.ஜி. விஷயம் மட்டும் தீராத வழக்காகவே இருந்தது. வெளிநாட்டுச் சாட்சிகளோ ஒருவருக்கொருவர் முரண்பட்டார்கள். பிரிட்டனில் 1950 முதல் நடந்த பரிசோதனையில், பள்ளிப் படிப்பை முடிக்கும் வயதுப் பிள்ளைகளுக்கு முக்கால் பங்குக்கு மேல் பாதுகாப்புக் கிடைத்தது. அமெரிக்காவின் தென் மாகாணங்களில் நடந்த பரிசோதனையில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. இரண்டும் ஒழுங்காக நடந்தவை. எதை நம்புவது?

ஆகவே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், உலக சுகாதார ஸ்தாபனம், அமெரிக்கப் பொதுச் சுகாதார இலாகா மூன்றும் சேர்ந்து, இனிமேல் யாரும் சந்தேகம் சொல்ல முடியாத அளவுக்குப் பெரிய பரிசோதனை ஒன்றை நடத்துவது என்று தீர்மானித்தன. அதற்குத் தேர்ந்தெடுத்த இடந்தான் சென்னைக்கு மேற்கே திருவள்ளூரைச் சுற்றியிருந்த செங்கற்பட்டு ஜில்லாக் கிராமங்கள்.

கணக்கைக் கேளுங்கள். பெயர் பதிவு செய்தவர்கள் 3,66,625 பேர். அவர்களில் 2,81,161 பேருக்கு ஊசி போடப்பட்டது. சிலருக்கு பி.சி.ஜி.; சிலருக்கு மருந்தே இல்லாத வெறும் திரவம். பி.சி.ஜி.யிலும் பாரிஸ் வகை ஒன்று, டென்மார்க் வகை ஒன்று; ஒவ்வொன்றிலும் அதிக அளவு, குறைந்த அளவு என்று இரண்டு. யாருக்கு எது என்பது குலுக்கலில் விழுந்தபடி. ஊசி போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. ஊசி போட்டவருக்கும் தெரியாது. பின்னால் எக்ஸ்ரே படத்தைப் பார்த்து நோய் உண்டா இல்லையா என்று சொன்னவருக்கும் தெரியாது. இரண்டரை வருஷத்துக்கு ஒரு முறை அதே கிராமங்களுக்குத் திரும்பிப் போய், அதே ஜனங்களைத் தேடிப் பிடித்துப் பரிசோதித்தார்கள். சந்தேகப்பட்டவர்களின் கோழையை எடுத்துக் கிருமி இருக்கிறதா என்று பார்த்தார்கள். இப்படிப் பதினைந்து வருஷம்!

ஒரு மனிதனைப் பதினைந்து வருஷம் விடாமல் தொடர்வது என்றால் என்னவென்று யோசித்துப் பாருங்கள். பெண்கள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விடுவார்கள். பிள்ளைகள் பட்டணத்துக்கு வேலை தேடிப் போவார்கள். ஒரே தெருவில் நாலு முனுசாமிகள் இருப்பார்கள். நாற்று நடும் காலத்தில் வீட்டில் ஆளே இருக்காது. வெயிலில் வரப்பு வரப்பாக நடந்து இந்தக் கணக்கைச் சேர்த்த ஊழியர்களுக்கு யாரும் சிலை வைக்கவில்லை. கையை நீட்டி ஊசி குத்திக்கொண்ட குடியானவர்களின் பெயர்கள் எந்த அறிக்கையிலும் இல்லை. இன்றைக்கு இப்படி ஒரு பரிசோதனை நடத்துவதானால் ஒவ்வொருவரிடமும் விவரம் சொல்லி, எழுத்து மூலமாகச் சம்மதம் வாங்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அது நல்ல சட்டம். வைத்திய அறிவுக்கு யாரோ விலை கொடுக்கிறார்கள் என்று ஆரம்பத்தில் சொன்னேனே, கொடுக்கிறவனுக்கு எதற்காகக் கொடுக்கிறோம் என்று தெரிந்திருப்பதுதானே முறை?

ஏழரை வருஷக் கணக்கைக் கூட்டி 1979-ல் முதல் அறிக்கையை வெளியிட்டார்கள். எல்லாரும் எதிர்பார்த்தது, பி.சி.ஜி. எவ்வளவு காப்பாற்றுகிறது என்ற செய்தியை. வந்த செய்தியோ, நுரையீரல் க்ஷயத்திலிருந்து பி.சி.ஜி. காப்பாற்றவே இல்லை என்பது. ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் ஒரே அளவில் நோய் வந்திருந்தது. லண்டனிலிருந்து வெளியாகும் 'லான்செட்' வைத்தியப் பத்திரிகை 1980 ஜனவரியில் "இந்தியாவிலிருந்து கெட்ட செய்தி" என்ற பொருள்படும் தலைப்போடு தலையங்கம் எழுதியது.

இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும். பரிசோதனையை நடத்தியவர்கள் பி.சி.ஜி.யின் விரோதிகள் அல்ல. பெரும்பாலும் அதை நம்பியவர்கள். நாட்டின் சர்க்கார் முப்பது வருஷமாக அந்த ஊசியைப் போட்டு வந்திருக்கிறது. உலக சுகாதார ஸ்தாபனம் அதைச் சிபாரிசு செய்து வந்திருக்கிறது. இவர்களே பணம் போட்டு நடத்திய ஆராய்ச்சி இவர்களுக்கே எதிராகச் சாட்சி சொல்லுகிறது. அறிக்கையை ஒரு பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கலாம். "இன்னும் சில வருஷம் பார்த்துச் சொல்கிறோம்" என்று ஒத்திப் போட்டிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் அவதரித்த ராமானுஜர், வெளியில் சொல்லக் கூடாது என்று குரு ஆணையிட்ட மந்திரத்தைத் திருக்கோஷ்டியூர்க் கோபுரத்தின் மேல் ஏறி நின்று ஊரறியச் சொன்னார் என்பது நமக்குத் தெரிந்த கதை. நல்ல செய்தியை ஊரறியச் சொல்லவே அவ்வளவு தைரியம் வேண்டியிருந்தது என்றால், தனக்கே பாதகமான செய்தியைச் சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும்!

*

அப்படியானால் ராஜாஜி ஜெயித்துவிட்டாரா? அவசரப்படக் கூடாது. கதை இன்னும் முடியவில்லை.

பிரிட்டனில் பலித்த மருந்து செங்கற்பட்டில் ஏன் பலிக்கவில்லை என்று நிபுணர்கள் கூடிப் பரிசீலித்தார்கள். மருந்தில் கோளாறா? இல்லை. கணக்கில் கோளாறா? அதுவும் இல்லை. அவர்கள் சொன்ன காரணங்களில் முக்கியமானது இது. நம்முடைய உஷ்ணப் பிரதேசத்து மண்ணிலும் நீரிலும் க்ஷயக் கிருமிக்குத் தாயாதி உறவான பல கிருமிகள் வாழ்கின்றன. அவை பெரிய தீங்கு செய்வதில்லை. ஏரியில் குளித்து, வயலில் இறங்கி வளர்கிற பிள்ளையின் உடம்பு சிறு வயதிலேயே அவற்றோடு பழகி ஏதோ ஓர் அளவுக்குத் தற்காப்பைக் கற்றுக்கொண்டுவிடுகிறது. அதற்கு மேல் பி.சி.ஜி. வந்து புதிதாகக் கற்றுக்கொடுக்க அதிகம் இல்லை. சில சமயம் அந்தப் பழைய பழக்கமே பி.சி.ஜி.யை வேலை செய்ய விடாமல் தடுக்கவும் செய்யலாம். குளிர் தேசத்துப் பிள்ளைக்கு அந்தப் பாடம் முதல் பாடம். ஆகவே மனத்தில் பதிகிறது.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். உண்மைதான். ஆனால் அந்தப் பானைக்குத்தான் பதம். லண்டன் பானையில் எடுத்த சோறு செங்கற்பட்டுப் பானைக்குப் பதம் சொல்லாது. செங்கற்பட்டுச் சோறும் லண்டனுக்குப் பதம் சொல்லாது. அப்படியானால் எல்லாப் பானைகளிலிருந்தும் சோறு எடுத்து ஒரே இலையில் வைத்துப் பார்க்க வேண்டாமா?

இப்படிக் கேட்டவர்களில் முக்கியமானவர் ஆர்ச்சி காக்ரேன் என்ற பிரிட்டிஷ் டாக்டர். பிராட்ஃபோர்டு ஹில்லிடம் பாடம் கேட்டவர். இரண்டாவது மகா யுத்தத்தில் ஜெர்மானியரிடம் கைதியாகி, கைதிகள் முகாமில் க்ஷயரோகிகளுக்கு வைத்தியம் பார்த்தவர். தாம் செய்யும் சிகிச்சை உயிரைக் காப்பாற்றுகிறதா, போக்குகிறதா என்று தெரியாமல் தவித்த அந்த அநுபவம் அவர் மனத்தை விட்டு நீங்கவில்லை. நடந்து முடிந்த பரிசோதனைகளையெல்லாம் ஒன்றுவிடாமல் சேர்த்து, தரம் பார்த்து, தொகுத்துச் சொல்ல வைத்திய உலகம் ஏற்பாடு செய்யவில்லையே என்று 1979-ல் கடிந்துகொண்டார். அவர் பெயரால் 1993-ல் ஒரு சர்வதேச அமைப்பு தோன்றி அந்த வேலையை மேற்கொண்டது. வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியும் நம் பக்கத்தில் அந்தப் பணிக்கு மையமாக இருந்திருக்கிறது.

பி.சி.ஜி.க்கும் அப்படி ஒரு பஞ்சாயத்து நடந்தது. 1994-ல் அமெரிக்க நிபுணர்கள் சிலர், அது வரையில் உலகில் நடந்த பி.சி.ஜி. பரிசோதனைகளைத் திரட்டி ஓர் அட்டவணை போட்டார்கள். அந்த அட்டவணையில் பிரிட்டன் இருக்கிறது: ஊசி போட்ட 13,598 பேரில் 62 பேருக்கு நோய், போடாத 12,867 பேரில் 248 பேருக்கு நோய். மதனப்பள்ளி இருக்கிறது: ஊசி போட்ட 5,069 பேரில் 33, போடாத 5,808 பேரில் 47. கடைசியாகச் சென்னை என்ற பெயரில் நம் செங்கற்பட்டும் இருக்கிறது: ஊசி போட்ட 88,391 பேரில் 505, போடாத 88,391 பேரில் 499.

இப்படித் தொகுப்பதில் ஓர் அபாயம் உண்டு. கைகளை எண்ணித் தீர்ப்புச் சொல்லும் பஞ்சாயத்து அல்ல இது. "பலித்தது என்று இத்தனை பேர், பலிக்கவில்லை என்று இத்தனை பேர்" என்று எண்ணி முடிவு கட்டினால் சின்ன சாட்சியும் பெரிய சாட்சியும் சமமாகிவிடும். ஒவ்வொரு சாட்சியும் எவ்வளவு பெரியவர், எவ்வளவு ஒழுங்காகப் பார்த்தவர் என்று நிறுத்து எடை போட வேண்டும். அப்படிப் போட்டபோது சராசரி பாதுகாப்பு நூற்றுக்கு ஐம்பது என்று வந்தது. ஆனால் சராசரி என்பது ஒரு கால் நெருப்பிலும் ஒரு கால் பனிக்கட்டியிலும் வைத்திருப்பவன் சுகமாக இருக்கிறான் என்று சொல்லுகிற சமாசாரம். ஆகவே அவர்கள் அதோடு நிற்கவில்லை. ஏன் இடத்துக்கு இடம் இவ்வளவு வித்தியாசம் என்று கேட்டார்கள். கிடைத்த விடைகளில் பெரியது, பூமத்திய ரேகையிலிருந்து அந்த ஊர் எவ்வளவு தூரம் என்பது! வித்தியாசத்தில் நூற்றுக்கு 41 பங்கு அதனாலேயே விளங்கிற்று. வடக்கே போகப் போக ஊசி பலிக்கிறது. பூமத்திய ரேகையை நெருங்க நெருங்கப் பலன் குறைகிறது. ஹைத்தி தீவு மாதிரி ஒன்றிரண்டு இடங்கள் இந்த விதிக்கு அடங்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இன்று உலகத்தின் எந்தப் பல்கலைக்கழகத்தில் இந்தத் தொகுப்புக் கலையைக் கற்றுக்கொடுத்தாலும், பயிற்சிக் கணக்காக மாணவர்களுக்கு அடிக்கடி கொடுப்பது இந்த அட்டவணையைத்தான். நம்முடைய கிராமத்து ஜனங்கள் பெயர் தெரியாத மாணவர்களுக்கெல்லாம் பாடமாகியிருக்கிறார்கள்.

*

செங்கற்பட்டின் பதினைந்து வருஷ முழுக் கணக்கு 1999-ல் அச்சாயிற்று. பெரியவர்களுக்குப் பாதுகாப்பு இல்லை. சிறு பிள்ளைகளுக்கு நூற்றுக்கு 27 என்ற சொற்ப அளவில் உண்டு என்று அது சொல்லிற்று. ஆனால் இந்தப் பரிசோதனை ஆராய்ந்தது பெரும்பாலும் நுரையீரலில் கிருமி தென்படும் க்ஷயத்தைப் பற்றி. கைக்குழந்தைகளை வேறு விதமான க்ஷயம் தாக்குகிறது. அது மூளையைச் சுற்றியுள்ள சவ்வைப் பற்றிக்கொள்ளும். அல்லது ரத்தத்தில் கலந்து உடம்பெங்கும் கம்பு தானியம் தெளித்தாற்போல் பரவும். இரண்டும் பச்சிளங்குழந்தைகளுக்கு எமன். இவற்றைப் பற்றி உலகெங்கும் நடந்த ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி. அந்த எமனை நன்றாகவே தடுக்கிறது என்று தெரிந்தது. 2002-ஆம் ஆண்டில் உலகில் சுமார் பத்துக் கோடிக் குழந்தைகளுக்குப் போட்ட ஊசியினால், மூளைச் சவ்வைத் தாக்கும் க்ஷயம் மட்டும் ஏறக்குறைய முப்பதாயிரம் குழந்தைகளுக்கு வராமல் தடுக்கப்பட்டிருக்கும் என்று 2006-ல் கணக்கிட்டுச் சொன்னார்கள்.

இப்போது பழைய வழக்கின் தீர்ப்பைப் பாருங்கள். பலன் நிரூபணமாகவில்லை என்று ராஜாஜி கேட்டது நியாயமான கேள்வி. அதற்குச் செங்கற்பட்டு பதில் சொன்னபோது அவர் காலமாகி ஏழு வருஷம் ஆகிவிட்டது. ஆனால் அவர் பேச்சைக் கேட்டு ஊசியையே நிறுத்தியிருந்தால் எத்தனையோ கைக்குழந்தைகளைப் பறி கொடுத்திருப்போம். சர்க்கார் ஊசியைப் போட்டது நல்ல காரியம். ஆனால் ஊரிலுள்ள க்ஷயம் இதனால் ஒழிந்துவிடும் என்று நம்பியது தவறு. "பி.சி.ஜி. பலிக்குமா, பலிக்காதா?" என்று இரு தரப்பாரும் ஒரே கேள்வியைக் கேட்டுச் சண்டை போட்டார்கள். "யாருக்கு, எந்த வயதில், எந்த ஊரில், எந்த மாதிரி க்ஷயத்துக்கு?" என்று கேட்க வேண்டியிருந்தது. கேள்வியைச் சரியாகக் கேட்பதற்கே மூன்று லட்சம் பேரும் முப்பது வருஷமும் தேவைப்பட்டன.

இது ஏதோ பழங்கதை அல்ல. உலகிலுள்ள க்ஷயரோகிகளில் ஏறக்குறைய நாலில் ஒருவர் இன்றும் இந்தியாவில் இருக்கிறார். ஓரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் வேலை செய்ய எங்கெங்கிருந்தோ வந்த இளைஞர்கள் ஓர் அறையில் ஐந்து பேர், ஆறு பேர் என்று தங்குகிறார்கள். பகல் ஷிப்டுக்காரன் எழுந்து போன பாயில் இரவு ஷிப்டுக்காரன் வந்து படுக்கிறான். அவர்களில் அநேகருடைய இடது தோளில் பி.சி.ஜி. தழும்பு இருக்கும். அந்தத் தழும்பு, தொட்டிலில் கிடந்தபோது அவர்களைக் காத்த காவல்காரன். இப்போது காவல் காக்கும் என்று எண்ணி இருமலை அலட்சியம் செய்யக் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சர்க்கார் ஆஸ்பத்திரியில் கோழையைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். நோய் இருந்தால் மாத்திரை உண்டு; வீட்டிலிருந்தபடியே குணமாகலாம். பின்னதைச் சென்னை ஏழைகள் நிரூபித்தார்கள். முன்னதைச் செங்கற்பட்டுக் குடியானவர்கள் நிரூபித்தார்கள்.

ஓரகடத்து ஆலையிலிருந்து ஒரு கார் வெளியே வருவதற்கு முன்னால் பிரேக்கு பிடிக்கிறதா, விளக்கு எரிகிறதா, கதவு மூடுகிறதா என்று ஒவ்வொன்றையும் சோதித்துத்தான் விடுகிறார்கள். வண்டிக்குக் காட்டும் இந்த ஜாக்கிரதையை உடம்புக்குள் செலுத்தும் மருந்துக்கும் நாம் கேட்க வேண்டும். "இது நல்ல மருந்து" என்று யாராவது சொன்னால், அவர் படித்த டாக்டரோ, பாரம்பரிய வைத்தியரோ, பக்கத்து வீட்டு மாமியோ, யாராயிருந்தாலும் மரியாதையாக ஒரு கேள்வி கேட்கலாம்: "சாப்பிட்டவர்கள் தேறினார்கள், சரி, சாப்பிடாதவர்கள் என்ன ஆனார்கள்?"

பதில் இருந்தால் சொல்லட்டும். இல்லாவிட்டால் காக்கையையும் பனம்பழத்தையும் நினைத்துக்கொண்டு நாம் பேசாமல் நடக்கலாம்.